விளம்பர வருமானம் ஓர் உபதொழில்

கைத்தறியும் வேளாண்மையும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருமானம் தரும் தொழில்கள் அல்ல. மழைக்காலத்தில் பாவு ஓட முடியாமல் தறி நிற்கும். அறுவடை முடிந்தபின் அடுத்த விதைப்பு வரையில் நிலம் சும்மா கிடக்கும். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே நம் முன்னோர் கறவை மாடு, கோழி வளர்ப்பு, கயிறு திரித்தல் முதலிய உபதொழில்களை மேற்கொண்டனர். இந்த வரிசையில் இப்போது புதியதொரு உபதொழில் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியில் வீடியோப் படம் எடுத்து யூடியூபில் வெளியிட்டு, அதனுடன் வரும் விளம்பரத்தால் வருமானம் பெறுவதே அது.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களிலெல்லாம் அங்கத்தினர்கள், சிறப்பாக அவர்களுடைய பிள்ளைகள், நம்மிடம் இதைப்பற்றி வினவுகின்றனர். "மாதம் லட்சம் வருமாமே, உண்மைதானா?" என்பது ஒரு கேள்வி. "ஒரு பைசாவும் வராதாமே?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலேயே உண்மை இருக்கிறது. அதை எண்களோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

படம் பார்ப்பவர் பணம் தருவதில்லை. படத்திற்கு முன்னும் இடையிலும் தம் விளம்பரத்தைக் காட்ட விரும்பும் வியாபாரியே பணம் தருகிறார். எந்த விளம்பரம் எவருக்குக் காட்டப்பட வேண்டும் என்பது ஏலமுறையில் நொடிப்பொழுதில் தீர்மானிக்கப்படுகிறது. கிடைக்கும் தொகையை யூடியூப் நிறுவனமும் படம் எடுத்தவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். சாதாரண நீளமுள்ள படங்களில் நூற்றுக்கு 55 பங்கு படம் எடுத்தவரைச் சேரும். 'ஷார்ட்ஸ்' எனப்படும் சிறு படங்களில் விளம்பரத் தொகை முதலில் பொதுவில் திரட்டப்பட்டுப் பிரிக்கப்படுகிறது; அவ்வாறு தமக்கென ஒதுக்கப்பட்டதில் நூற்றுக்கு 45 பங்கே படம் எடுத்தவருக்கு உரியது.

ஏலமென்றால் விலை ஏறியிறங்கும் என்பதை மஞ்சள் மண்டிக்கும் பூச்சந்தைக்கும் செல்லும் நம் விவசாயிகளுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பண்டிகைக்கு முன் வியாபாரிகள் போட்டியிடுவதால் விலை உயரும். பண்டிகை கழிந்ததும் தாழும். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்தப் பொருளைப்பற்றிய படத்தைப் பார்க்கிறார் என்பவற்றையும் பொறுத்து விலை மாறும். ஆகவே "ஆயிரம் பேர் பார்த்தால் இத்தனை ரூபாய்" என்று உறுதியாகச் சொல்பவரின் சொல்லை நம்பி எவரும் கடன் வாங்கலாகாது.

நுழைவதற்கான நிபந்தனைகள்

2017-ஆம் ஆண்டில் ஒரு சேனலின் படங்களை மொத்தம் 10,000 தடவை பிறர் பார்த்திருந்தாலே விளம்பரப் பங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. 2018-இல் இவ்விதி கடுமையாக்கப்பட்டது. அதன்படி 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். அத்துடன், கடந்த 12 மாதங்களில் பிறர் அப்படங்களைப் பார்த்த நேரம் 4,000 மணிக்குக் குறையாதிருக்க வேண்டும். ஷார்ட்ஸ் மூலம் நுழைய விரும்புவோர்க்கு 90 நாட்களில் ஒரு கோடி பார்வைகள் தேவை. 500 சந்தாதாரர்களுக்கென 2023-இல் ஏற்பட்ட தனிப் பிரிவு, பார்வையாளர் விரும்பித் தரும் அன்பளிப்பு போன்றவற்றுக்கே உரியது. விளம்பரப் பங்கு அதில் இல்லை. இதை அறியாமல் ஏமாற்றமடைவோர் பலர்.

பணம் பெறும் கணக்கு 18 வயது நிரம்பியவர் பெயரில் இருக்க வேண்டும். வருமானம் 10 டாலரை எட்டியதும் முகவரியைச் சரிபார்க்க இரகசிய எண் ஒன்று தபாலில் வரும். கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதியிருந்தாலன்றி அது கைக்கு வந்து சேராது. பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே இருத்தல் நலம். கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு அனுப்பப்படும். வரிப் படிவத்தைப் பூர்த்தி செய்வதும் கட்டாயம். அமெரிக்காவிலுள்ளோர் பார்த்ததால் வந்த பகுதிக்கு மட்டும் அந்நாட்டு வரி உண்டு. நிரந்தரக் கணக்கு எண்ணுடன் படிவம் தந்த இந்தியருக்கு அது நூற்றுக்கு 15. படிவம் தராவிடில், மொத்த வருமானத்திலேயே நூற்றுக்கு 24 வரை பிடித்துக்கொள்ளப்படலாம். அயல்நாட்டுத் தமிழர் நம் சேலைப் படங்களை விரும்பிப் பார்ப்பதால் இது அற்ப விஷயமன்று. இந்த வருமானம் முழுவதையும் நம் நாட்டு வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

ஒரு கணக்கு

இனி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். ஒரு படத்தை ஒருவர் சராசரி 4 நிமிஷம் பார்ப்பதாகக் கொண்டால், ஓராண்டில் 60,000 பார்வைகள், அதாவது மாதத்திற்கு 5,000 பார்வைகள் கிடைத்தால்தான் வாயிலில் நுழையலாம்.

நுழைந்த பின் ஆயிரம் பார்வைக்கு 30 ரூபாய் கிடைப்பதாக உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 பார்வைக்குக் கிடைப்பது 150 ரூபாய். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால், 100 டாலர் என்பது 8,500 ரூபாய். மாதம் 150 ரூபாய் வீதம் அத்தொகை சேர 57 மாதங்கள் ஆகும். அதாவது, நிபந்தனையை மட்டும் எட்டிப்பிடித்து அத்துடன் நின்றுவிடும் சேனலுக்கு முதல் பணம் வங்கிக்கு வர ஐந்து ஆண்டுகள் நெருங்கிவிடும்! மாதம் 25,000 பார்வைகள் வந்தால் 750 ரூபாய். பன்னிரண்டாம் மாதத்தில் 100 டாலர் சேர்ந்துவிடும். இவை நாம் உதாரணமாக எடுத்துக்கொண்ட எண்கள். அங்கத்தினர் தம் சொந்த எண்களை இட்டு இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலம் கிராமத்தில் திறந்தவெளிச் சமையலைப் படமெடுத்து வெளியிட்ட 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் ஆயிற்று. கிராமத்து உழைப்பாளியின் சாமர்த்தியத்திற்கு அது சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு தோட்டத்தில் அபூர்வமாகக் காய்த்த பெரும் பூசணியைக் கண்டு, ஊரார் அனைவரும் அதே எடையில் அறுவடையை எதிர்பார்க்கலாகாது.

தறி நேரத்தின் விலை

வருமானத்தை மட்டும் பார்த்து அடக்கவிலையைப் பார்க்காதவர் எந்தத் தொழிலிலும் நிலைத்ததில்லை. ஒரு படம் எடுத்து, வெட்டி ஒட்டி, குரல் சேர்க்க ஒரு முழு நாள் ஆகுமென்றால், மாதம் நான்கு படங்களுக்கு நான்கு நாட்கள் தறி நிற்கும். நாளொன்றுக்கு நெசவுக் கூலி 400 ரூபாய் என்றால் இழப்பு 1,600 ரூபாய். விளம்பரத்தால் வந்தது 750 ரூபாய். ஆக, மாதம் 850 ரூபாய் நஷ்டம். பெயரும் புகழும் இந்நஷ்டத்தை மறைத்துவிடும். அடுப்பங்கரையில்தான் அது தெரியவரும்.

ஆகவே படமெடுக்கும் வேலை தறி நேரத்தைத் தின்னலாகாது. மழையால் தறி நிற்கும் நாட்களும், படித்த பிள்ளைகளின் ஓய்வு நேரமும் இதற்குப் போதும். நெய்துகொண்டிருக்கும்போதே கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்திப் பதிவு செய்வது சாலச் சிறந்தது. படமும் உண்மையாக இருக்கும், கூலியும் குறையாது. தொடக்கத்தில் கையிலுள்ள கைப்பேசியே போதுமானது. தறிக்கென்று பெற்ற கடனையோ பயிர்க்கடனையோ கேமரா வாங்கச் செலவிடுவது கடனின் நோக்கத்திற்கு முரணானது. தவணை நாள் மாதந்தோறும் தவறாமல் வரும். விளம்பரப் பணம் அவ்வாறு வருவதில்லை.

எதைப் படமாக எடுப்பது?

பிறர் எடுத்ததை வெட்டி ஒட்டினால் பங்கு கிடைக்காது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்தால், அப்படத்தின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடக்கூடும். தறியின் ஓசையைக் காட்டிலும் இனிய பின்னணி நெசவாளிக்கு வேறு எது?

பிறரிடம் இல்லாததும் நம்மிடம் உள்ளதுமான சரக்கு நம் தொழிலறிவேயாகும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு எவ்வாறு பிணைகின்றன, பெட்னி போட்டு முந்தானைப் பாவு எவ்வாறு இணைக்கப்படுகிறது என்பனவற்றை நெய்பவரே காட்ட முடியும். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட இரகங்கள் எவை, 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை எதற்கு, விசைத்தறித் துணியிலிருந்து கைத்தறியைப் பிரித்தறிவது எப்படி என்று விளக்கும் ஒரு படம், விளம்பரத்தில் 50 ரூபாயே ஈட்டினாலும், ஏமாற இருந்த ஒருவரை உண்மையான கைத்தறிச் சேலையை வாங்கச் செய்துவிடுமானால் அதன் பயன் பன்மடங்காகும்.

செய்யத்தகாதவை

தம் படத்தில் வரும் விளம்பரத்தைத் தாமே அழுத்துவதும், உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழுத்தச் சொல்வதும் மோசடியாகவே கருதப்படும். இதற்காகக் கணக்கே மூடப்படலாம். சேர்ந்த பணமும் கிட்டாது. சந்தாதாரரை விலைக்கு விற்பதாகச் சொல்லி வருவோரையும் விலக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு மேல் படம் எதுவும் வெளியிடாதிருந்தால் பங்கு பெறும் உரிமை நீக்கப்படலாம் என்பதையும் நினைவிற்கொள்க.

நாணயத்தின் விலை

ஏலத்தில் தானாக வரும் விளம்பரம் ஒன்று. வியாபாரியிடம் நேரே பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு படத்தில் அவருடைய சரக்கைப் புகழ்வது மற்றொன்று. முன்னதில் விளம்பரதாரரே பேசுகிறார். பின்னதிலோ நாம் நம் வாயால் சான்று கூறுகிறோம். இவ்வித விளம்பரத்தில் வருமானம் அதிகம், பொறுப்பும் அதிகம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்திற்குச் சான்று கூறியவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடமுண்டு. பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால், 'இது விளம்பரம்' என்பதைப் படத்திலேயே, படம் பேசும் மொழியிலேயே தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்ய 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது.

சட்டம் ஒருபுறம் இருக்க, ஊர் என்று ஒன்று உண்டல்லவா? ஒரு விவசாயி தம் படத்தில் புகழ்ந்த பூச்சிமருந்தை நம்பிப் பக்கத்து ஊர்க்காரர் தெளித்துப் பயிர் கருகினால், விளம்பரத்தில் பெற்ற ஐயாயிரம் ரூபாய் அந்தப் பழியைத் துடைக்குமா? விசைத்தறிச் சேலையைக் கைத்தறியென்று ஒரு நெசவாளியே சொல்லிவிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இனி யார் சொல்லி யார் நம்புவர்? நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும் வரையில்தான் அதற்கு விலையும் இருக்கும்.

சங்கத்தின் பங்கு

படத்தைப் பார்த்தவர், "இச்சேலை எங்கே கிடைக்கும்?" என்று கேட்பது இயல்பு. இவ்விடத்தில்தான் நம் அங்கத்தினர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சங்கத்தில் நூலும் ஜரிகையும் பெற்று நெய்த சேலை சங்கத்தைச் சேர்ந்தது. அதைப் பார்வையாளருக்கு நேரே விற்பது சங்கத்தின் வேரை அறுப்பதாகும். வந்த விசாரணையைச் சங்கத்தின் விற்பனைப் பிரிவுக்கு அனுப்பி வைத்தால், இருப்பில் தேங்கும் சேலை விற்பனையாகும். அடுத்த பாவும் காலத்தில் கிடைக்கும். சங்கங்களும் வெறும் தடை விதித்து அமையாமல், இவ்வாறு வரும் விற்பனைக்கு அங்கத்தினருக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை தரலாமா என்பதைத் தம் துணைவிதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிப்பது நலம்.

சங்கமே சேனல் நடத்துவதாயின், நிர்வாகக்குழுவின் தீர்மானம் முதலில் வேண்டும். கணக்கு சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். ஓர் ஊழியரின் சொந்தக் கணக்கில் தொடங்கினால், அவர் விலகும்போது சந்தாதாரரும் வருமானமும் அவருடனேயே போய்விடும். பொறுப்பாளர் இருவரையேனும் நியமித்து, வரும் தொகை ஒவ்வொன்றையும் ரொக்கப் புத்தகத்தில் வரவு வைத்து, பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும்.

முடிவாக

விளம்பர வருமானம் வரும், மெதுவாக வரும், பெரும்பாலோர்க்குச் சிறிதளவே வரும். மின்கட்டணத்திற்கோ பிள்ளையின் பாடப் புத்தகத்திற்கோ உதவும் தொகையாக அதைக் கருதுவோர் ஏமாறமாட்டார்கள். அதையே நம்பித் தறியை விடுவோர் இரண்டையும் இழப்பர். படத்தினால் விளையும் பெரிய பலன் விளம்பரக் காசன்று. நம் துணியையும் விளைபொருளையும் பற்றிய உண்மை பிறரிடம் சென்று சேர்வதே. அந்த உண்மையைக் காத்து, ஓய்வு நேரத்தை மட்டும் முதலீடு செய்து, கடன் வாங்காமல் தொடங்குவோமாக.