முகத் தோல் தேய்ப்புக் கருவிகள்: விற்கும்போது சொல்ல வேண்டியவை

நமது சங்க உறுப்பினர்களில் ஃபேன்சி சாமான், அழகுசாதனப் பொருள், சில்லறை எலெக்ட்ரிக் சாமான் வியாபாரம் செய்வோர் பலரும் சில ஆண்டுகளாக ஒரு புதிய சரக்கைக் கையாண்டு வருகிறார்கள். முகத்திலுள்ள இறந்த தோலை வீட்டிலேயே நீக்கிக் கொள்ள உதவும் கருவிகள் அவை. பேட்டரியில் சுழலும் பிரஷ், அதிரும் சிலிகான் பிரஷ், தகடு வடிவ ஸ்கிரப்பர், சொரசொரப்பான முனையுடன் தோலை உறிஞ்சும் மெஷின், ஒற்றை பிளேடு முக ரேசர் என்று பல பெயரில், பல விலையில் வருகின்றன. முகூர்த்த மாதங்களுக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் நன்றாக ஓடுகின்றன. லாபமும் பரவாயில்லை. ஆனால் சீப்பு, பவுடர், ரிப்பன் போல எடுத்துக் கொடுத்து, பில் போட்டு அனுப்பிவிடும் சரக்கு இது அல்ல. வாங்கிச் செல்பவரின் முகமும், விற்பவரின் பெயரும் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால் நாங்கள் மொத்த வியாபாரத்தில் அறிந்து கொண்டவற்றை உறுப்பினர்களின் கவனத்திற்குக் கொண்டு வருகிறோம்.

முதலில் இக்கருவி செய்யும் வேலை என்ன என்பதைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் தோலின் மேல் அடுக்கு இறந்த செல்களால் ஆனது. கனம் சுமார் 0.01 முதல் 0.02 மில்லி மீட்டர்தான், தலைமயிரைவிட மெல்லியது. அடியிலிருந்து புதிய செல்கள் மேலே வர வர, பழையவை தாமாகவே உதிர்கின்றன. இளம் வயதில் இந்தச் சுற்று முடியச் சுமார் நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதப்படும். அப்படித் தாமதப்பட்டுத் தேங்கியதைச் சற்று விரைவாக உதிரச் செய்வதே இக்கருவிகளின் வேலை. நம் வீட்டுப் பெண்கள் பயத்தம் மாவும் பீர்க்கங்காய் நாரும் கொண்டு செய்து வந்ததும் இதே வேலைதான். ஆனால் கைக்குக் களைப்பு உண்டு, மோட்டாருக்குக் கிடையாது.

அந்த மேல் அடுக்கை வெறும் அழுக்கு என்று வாடிக்கையாளர் நினைத்துக் கொள்வதில்தான் தொல்லை தொடங்குகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது அதுதான். அளவோடு தேய்த்தால் முகம் வழவழப்பாகும். அளவு மீறினால் எரிச்சல், சிவப்பு, வறட்சி, பொடிப்பொடியாகப் பரு எல்லாம் வரும்.

வெளிநாட்டு விளம்பரங்களில் சொல்லப்படாத ஒரு விஷயமும் இருக்கிறது. நம் ஊர் மக்களின் தோல் மாநிறம் அல்லது கருப்பு. இத்தகைய தோலில் காயமோ புண்ணோ பட்டால் மெலனின் என்ற நிறமி அந்த இடத்தில் அதிகமாகச் சுரந்து கரும்படையாக நின்றுவிடும். பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கருவியால் உரசிப் புண்ணாக்கினாலும் அதே கதிதான். மறைய மாதக் கணக்கில் ஆகும். சிலருக்கு வருடமும் ஆகும். ஏற்கனவே மங்கு விழுந்த முகத்தில் தேய்த்தால் மங்கு இன்னும் அடர்த்தியாவதும் உண்டு. முகம் வெளுக்க வேண்டும் என்று வாங்கிப் போனவருக்கு முகம் கறுத்தால் அவர் யாரிடம் வருவார்? கம்பெனியிடம் போக மாட்டார், நம் கடை வாசலுக்குத்தான் வருவார்.

எந்தக் கருவி, எவ்வளவு

சுழலும் பிரஷ்தான் மிக அதிகமாக விற்பது. இந்த வகைக்கு உலகம் முழுவதும் பெயர் வாங்கித் தந்தது அமெரிக்காவின் கிளாரிசோனிக் என்ற பிரஷ். 2004-ல் சந்தைக்கு வந்தது. 2011-ல் லோரியல் கம்பெனி அதை வாங்கியது. 2020-ல் அந்த வியாபாரமே மூடப்பட்டது. அந்தப் பிரஷ்ஷில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. நெற்றிக்கு 20 விநாடி, மூக்கு மற்றும் தாடைக்கு 20 விநாடி, கன்னங்களுக்குத் தலா 10 விநாடி, ஆக ஒரே நிமிடத்தில் தானாக நின்றுவிடும். இன்று வரும் மலிவுச் சரக்குகள் பலவற்றில் அந்த நிறுத்தும் வசதி கிடையாது. ஆகவே ஒரு நிமிடக் கணக்கை நாம்தான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தையும் பிரஷ்ஷையும் நனைத்து, மென்மையான ஃபேஸ் வாஷ் போட்டு, அழுத்தாமல் நகர்த்த வேண்டும். மயிர் வளையும் அளவுக்கு அழுத்தினால் அது தேய்ப்பு அல்ல, சுரண்டல். பெட்டியில் தினமும் உபயோகிக்கலாம் என்று அச்சிட்டிருந்தாலும், முதல் மாதம் வாரம் ஒரு முறை, முகம் ஒத்துக்கொண்டால் வாரம் இரு முறை என்று சொல்வதே உத்தமம். கருவியோடு கூடவே உப்புத்தூள் போன்ற ஸ்கிரப் கிரீமையும் சேர்த்துத் தேய்க்கக் கூடாது. சேர்த்து விற்றால் பில் தொகை கூடும் என்று இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

பிரஷ் தலையைச் சோப்புப் போட்டு அலசி, காற்றாடக் காய வைக்க வேண்டும். குளியலறையில் ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமி வளரும், பிறகு அதே கிருமியை முகத்தில் தேய்த்துக் கொள்வார்கள். சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலையை மாற்ற வேண்டும். எனவே மாற்றுத் தலை கிடைக்காத பிரஷ்ஷை வாங்கி அடுக்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை. மாற்றுத் தலை வியாபாரம் வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்து வரும். அதுவும் ஒரு லாபம்தானே.

உறிஞ்சும் மெஷின் விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. மருத்துவர்கள் செய்யும் மைக்ரோடெர்மாப்ரேஷன் என்ற முறை 1985-ல் இத்தாலியில் உருவானது; அதன் சிறிய வீட்டு வடிவமே இது. தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் முனையை நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் உள்ளே ரத்தம் கட்டி வட்டமாகவோ கோடாகவோ தடம் விழும். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் கூடவே கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மிகக் குறைந்த உறிஞ்சு அளவில் தொடங்க வேண்டும்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளியூர் கடைக்காரர் ஒருவருக்கு இதில் ஏற்பட்ட அனுபவம் உண்டு. திருமணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மணப்பெண் ஒருவர் இந்த மெஷினை அவர் கடையில் வாங்கிப் போய், அவசரத்தில் தொடர்ந்து மூன்று இரவு உபயோகித்திருக்கிறார். இரண்டு கன்னத்திலும் பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்து கோபப்படவில்லை. மெஷினைக் கல்லாப் பலகையில் வைத்துவிட்டு, "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாராம். பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளில் வாரம் ஒரு முறைக்கு மேல் கூடாது என்று அச்சிட்டே இருந்தது. கடையில் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருந்தால் விற்கலாம். ஒரு வாரம்தான் இருக்கிறது என்று தெரிந்தால், "கல்யாணம் முடிந்து ஆரம்பியுங்கள் அம்மா" என்று சொல்லிவிடுவதே நல்லது.

அதிரும் தகட்டு ஸ்கிரப்பர் பெரும்பாலும் விநாடிக்கு 24,000 முதல் 28,000 முறை அதிர்வது. முகம் நன்றாக ஈரமாக இருக்கும்போது மட்டும், சாய்வாகப் பிடித்து நகர்த்த வேண்டும். காய்ந்த முகத்தில் வைத்தால் சூடும் கீறலும் வரும். முக ரேசரில் பெரிய சங்கதி இல்லை: சுத்தமான, பரு இல்லாத முகம், புதிய பிளேடு, ஒருவருக்கு ஒன்று.

ஊசி ரோலர் என்று ஒன்று இதே அலமாரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது தோலைத் தேய்ப்பதே இல்லை, துளை போடுகிறது. 0.5, 1.0, 1.5 மில்லி மீட்டர் என்று ஊசி நீளம் அச்சிட்ட பெட்டிகள் ஃபேன்சி கடைகளில் சாதாரணமாகத் தொங்குகின்றன. ரத்தம் காணும் கருவியை அக்கா தங்கை மாறி மாறி உபயோகித்தால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி முதல் எச்.ஐ.வி. வரை தொற்ற வழி உண்டு. இது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய பொருள் என்பது எங்கள் கருத்து. நாங்கள் இதைக் கொள்முதல் செய்வதில்லை.

யாருக்கு விற்கக் கூடாது

சீழ்ப் பரு நிறைய உள்ளவர், முகத்தில் மரு உள்ளவர், உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருபவர், கரப்பான் உள்ளவர் ஆகியோர் தோல் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. மரு மீது தேய்த்தால் முகம் முழுவதும் பரவும். வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் உரசிய இடத்திலேயே புதிதாகத் தோன்றக் கூடும். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஆறத் தாமதமாகும். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும், ட்ரெட்டினாயின், அடாப்பலீன், கிளைகோலிக் அமிலம் ஆகியவை சேர்ந்த கிரீம் பூசுபவர்களும் அதே கணக்கில் சேர்வார்கள். அவர்கள் தோல் ஏற்கனவே மெலிந்தோ எரிச்சலுடனோ இருக்கும்.

இவற்றையெல்லாம்விட நம் ஊரில் அதிகம் காண்பது ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை நிறத்துக்காக மாதக் கணக்கில் முகத்தில் பூசும் பழக்கம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. தொடர்ந்து பூசினால் தோல் காகிதம் போல மெலிந்து ரத்த நாளம் தெரியும். அந்த முகத்தில் இந்த மெஷினை வைப்பதை நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடையும் ஃபேன்சி பகுதியும் சேர்த்து நடத்தும் உறுப்பினர்கள் இரண்டையும் ஒரே ஆளுக்கு விற்றுவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. பெண் வாடிக்கையாளரிடம் இதைக் கேட்க ஆண்கள் கூச்சப்பட்டால், கடையில் இருக்கும் பெண் ஊழியரைக் கேட்கச் சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரை மட்டுமன்றி விற்பவரையும் சில சந்தர்ப்பங்களில் பொறுப்பாக்குகிறது. 86-ஆவது பிரிவை உறுப்பினர்கள் ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையும் உபயோக முறையையும் விற்பவர் வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விட்டு, அதனால் தீங்கு வந்தால் பொறுப்பு விற்பவருக்கு வரும். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத சரக்கானாலும், அவர் மீது நம் நாட்டுச் சட்டம் செல்லாது என்றாலும் அப்படியே. தயாரிப்பாளர் தராத வாக்குறுதியை நாமாகக் கொடுத்து, அது பொய்த்துத் தீங்கு நேர்ந்தாலும் அப்படியே. "ஒரே வாரத்தில் கலர் ஏறும்" என்று கல்லாவில் நின்று சொல்லும் வார்த்தை நமக்கே வினையாகலாம். தோல் தேய்ப்பதால் பிறவி நிறம் மாறாது. வழவழப்பு வரும், கொஞ்சம் பளபளப்பு வரும், அவ்வளவே.

ஆகவே கொள்முதல் செய்யும்போதே பெட்டியைப் பார்க்க வேண்டும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வரும் மூட்டைச் சரக்கு இதில் மிக அதிகம். சார்ஜர் சேர்ந்து வந்தால் அதில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டுமே தாங்கும், குழாயடியில் பிடிக்கக் கூடாது.

ரிட்டர்ன் விஷயத்தில் ஒரு வழக்கம் பரவி வருகிறது. வாடிக்கையாளர் திருப்பித் தந்த கருவியைத் துடைத்து, பெட்டியில் வைத்து, புதிதாக ஒட்டி மறுபடி விற்கிறார்கள். சட்டை, புடவை போல இதைக் கருத முடியாது. ஒருவர் முகத்தில் பட்டது இன்னொருவருக்குப் போகக் கூடாது. முத்திரை உடைந்த கருவியை வாபஸ் வாங்குவதில்லை என்று பில்லிலேயே அச்சடித்து, விற்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பழுதுள்ள சரக்கானால் வாங்கிக் கொண்டு கம்பெனிக்கே அனுப்ப வேண்டும். கடையில் காட்டுவதற்கு வைக்கும் மாதிரியைப் புறங்கையில் மட்டும் ஓட்டிக் காட்டி, ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைக்கலாம்.

பெட்டியிலுள்ள தாள் ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருப்பதால் எங்கள் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியுடனும் தமிழில் ஒரு சிறு துண்டுச் சீட்டு வைக்கிறோம். அதன் வாசகம்: "முதலில் காதுக்குக் கீழே தாடையோரம் சிறிது இடத்தில் தேய்த்து இரண்டு நாள் பாருங்கள். எரிச்சல் இல்லையென்றால் மட்டும் முகத்துக்கு. இரவில் உபயோகிக்கவும். ஒரு நிமிடம் போதும். அழுத்த வேண்டாம். தேய்த்தவுடன் வாசனை இல்லாத மாயிஸ்சரைசர் பூசவும். மறுநாள் வெயிலில் போகுமுன் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் பூசவும். சிவப்பு அடுத்த நாளும் இருந்தால் நிறுத்தி விடவும். கொப்புளம், சீழ், கருமை கண்டால் தோல் மருத்துவரைப் பார்க்கவும். பிறருக்குக் கொடுக்க வேண்டாம்." இதனுடன் அந்தந்தக் கம்பெனித் தாளில் உள்ள எச்சரிக்கையையும் பார்த்துச் சேர்த்துக் கொள்ள வேண்டும், மாடலுக்கு மாடல் மாறும். உறுப்பினர்கள் இவ்வாசகத்தைத் தங்கள் கடைப் பெயருடன் அச்சடித்துக் கொள்ளலாம். பில் நகலில் "உபயோகச் சீட்டு கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி, வாங்குபவரின் கையெழுத்தை வாங்கி வைத்துக் கொள்ளவும்.