புற்றரையும் வயலும்: மண், நீர், உரிமை பற்றிய ஒரு நோக்கு

நாவிதன்வெளியின் வயல் வரம்புகளில் அறுகு ஒரு களை. பிடுங்கப்பெற்றது மாட்டுக்குச் செல்லும். சிறிது பிள்ளையாருக்குச் செல்லும். வெப்ப நாடுகளின் கோல்ப் மைதானங்களிலோ இதே தாவரம் பெர்முடாப் புல் என்ற பெயரிற் பெருஞ்செலவில் வளர்க்கப்படுகின்றது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையம் இதனை ஆபிரிக்க இனமொன்றுடன் கலந்து 1960இல் வெளியிட்ட ‘டிஃப்வே 419’ இன்றும் பல நாடுகளில் நடப்படுகின்றது. ஒரே புல் ஓரிடத்திற் களையாகவும் பிறிதோரிடத்தில் மூலதனமாகவும் அமைவதன் காரணத்தைத் தாவரவியலில் மட்டும் தேடிப் பயனில்லை.

மண்ணைக் கையாளும் முறையிலும் இம்முரண் வெளிப்படுகின்றது. சேற்றுழவு மண்ணின் இயல்பான கட்டமைப்பைச் சிதைக்கின்றது. துளைகள் அடைபட, சேற்றின் கீழ் இறுகிய படையொன்று உருவாகி, நீர் கசிவது குறைகின்றது. கோல்ப் குழியைச் சூழ்ந்த மென்புற்றரையின் தேவை இதற்கு நேரெதிரானது. அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1960இல் வகுத்த முறைப்படி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மணற்படையின் கீழ் 10 சென்ரிமீற்றர் சரளைப்படை இடப்படும். மணலின் நுண்துளைகள் நீரைப் பற்றிநிற்பதால், அடிமணல் நிரம்பும்வரை நீர் சரளைக்குள் இறங்காது. நிரம்பியதும் விரைந்து வடியும். மழை ஓய்ந்ததும் ஆட்டம் தொடரவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் மணல் உரத்தைப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே நீரும் நைதரசனும் சிறிது சிறிதாக, அடிக்கடி இடப்படல் வேண்டும். (கல்முனைக் கரையோர மணலிற் கிணற்றுநீர் இறைத்துத் தோட்டஞ் செய்வோர் இதனை எந்தச் சங்கமும் சொல்லாமலே அறிவர்.)

உலர்வலயத்து வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகின்றது எனக் கொண்டால், ஒரு ஹெக்ரயருக்கு 50,000 லீற்றர். 20 ஹெக்ரயர் புற்றரைக்குப் பத்து இலட்சம் லீற்றர். நெல்லும் இதற்குக் குறையாமற் குடிக்கும். ஆதலால் நீரின் அளவை மட்டுங் காட்டிக் கோல்பைக் கண்டிப்பது மேலோட்டமான விமரிசனமாகும். அந்நீர் எவர் பங்கிலிருந்து எடுக்கப்படுகின்றது, அதைத் தீர்மானிப்போர் யாவர் என்பனவே அடிப்படை வினாக்கள்.

‘பொது மைதானம்’ என்ற சொல்லையும் இவ்வாறே நோக்கல் வேண்டும். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் கடற்கரை மணற்றரையில் நகரமக்கள் விளையாடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனம் ஏற்றிருந்தது. 1797இல் கடன்பட்ட நகரசபை அந்நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்க்கும் வணிகர் வசமாயிற்று. நெடிய வழக்குகளின் பின், 1894இன் சட்டமொன்றின் மூலமே நகரம் அதனை மீட்டது. கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் தோன்றிய கோல்ப் கழகங்களுக்கு இத்தகைய பொதுநில வரலாறு கிடையாது. அவை குடியேற்ற ஆட்சியாளரதும் தோட்டத்துரைமாரதும் ஓய்வுநேரத்துக்காக எழுந்தவை.

இலங்கையில் நீர் பொதுவுடைமையாகச் செயற்பட்டதைக் காணவேண்டுமாயின் வயலுக்கே திரும்பல் வேண்டும். நாவிதன்வெளி வயல்கள் கல்லோயா இடதுகரைக் கால்வாயின் கடைப்பகுதியைச் சார்ந்தவை. தலைப்பகுதியினர் எடுத்ததன் எச்சமே இங்கு வந்துசேரும். 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் காற்பங்களவே இருந்தது. அப்போது கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகத்தின் ஒழுங்கமைப்பாளர் விவசாயிகளை வாய்க்கால் வாரியாகக் குழுக்களாக்க, தலைப்பகுதியினர் முறைவைத்து நீர் பாய்ச்சி மிச்சத்தைக் கீழே விட்டனர். மதகை மூடியோர் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கீழே அந்நீரைப் பெற்றோருள் தமிழரும் இருந்தனர்.