பாலை நிலத்தில் ஒரு கலை அரங்கம்

ஜோத்பூரில் நம் சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு கலை அரங்கம் கட்டும் பேச்சு நடந்து வருகிறது. மேற்கே பார்த்த முகப்பு முழுவதும் கண்ணாடி, உள்ளே முழுக்க ஏ.சி. என்று ஒரு வரைபடமும் சுற்றுக்கு வந்துள்ளது. ரயில்வேயில் கட்டடப் பணிகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அன்பர்களின் பார்வைக்குச் சில செய்திகளை வைக்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கம், ஜன்னலைத் திறந்து காற்றை வரவழைப்பது. சென்னையில் ஈரப்பதம் அதிகம். காற்று மேலே பட்டால்தான் வியர்வை உலரும். இங்கோ மே மாதப் பகல் காற்று 'லூ' என்னும் அனல். ஆகவே பகலில் அடைத்து, இரவில் திறக்க வேண்டும். தடித்த கல்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி, பல மணி நேரம் கழித்தே உள்ளே விடும். அதற்குள் இரவு வந்துவிடும். குளிர்ந்த காற்று அந்தச் சூட்டை வெளியேற்றிவிடும். கண்ணாடியோ வெயிலை உடனே உள்ளே விட்டு, சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். அதுவும் மேற்கு முகத்தில் என்றால், நம் நிகழ்ச்சிகள் தொடங்கும் மாலை நேரத்தில்தான் வெயில் நேராக விழும்.

ஜெய்சல்மேர் அருகே கனோய் கிராமத்தில் 2021-ல் திறந்த ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளியைப் பாருங்கள். வடிவமைத்தவர் டயானா கெல்லாக். நீள்வட்டக் கட்டடம், உள்ளூர் மஞ்சள் மணற்கல், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. 'ஜாலி' என்னும் துளைச்சுவர் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுகிறது. மாடியில் சூரியத் தகடுகளே நிழற்பந்தல். மழைநீரும் சேமிக்கப்படுகிறது. ஏ.சி. கிடையாது.

கலைக்கென்றே எழுந்தது ஜெய்ப்பூர் ஜவாஹர் கலா கேந்திரம். சார்லஸ் கொரியா 1986-ல் வடிவமைத்தார். ஒன்பது சதுரங்கள், நடுச் சதுரத்துக்குக் கூரையே இல்லை. சுற்றிலும் படிகள், மேலே வானம். நம் வீட்டு முற்றத்தின் பெரிய வடிவம் எனலாம். வெயில் தாழ்ந்த பின் கச்சேரிக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

நமக்கு என்ன செய்யலாம்? நடுவே முற்றம், சுற்றிலும் ஆழமான தாழ்வாரம், மேற்கே ஜன்னலில்லாத தடித்த சுவர். கோடையில் கூரைதான் அதிக வெயில் வாங்கும். அதன்மேல் வெள்ளை ஓட்டுச் சில்லுகள் பதிக்கலாம். நீண்ட கான்கிரீட் தளத்தில் விரிவு இடைவெளி அவசியம். 13 மீட்டர் தண்டவாளமே 40 டிகிரி வேறுபாட்டில் 6 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட்டும் ஏறக்குறைய அதே அளவு நீளக்கூடியதுதான். வறண்ட மாதங்களுக்குக் கூலர் போதும். ஈரம் மிகுந்த மழை மாதங்களில் அது அவ்வளவாக உதவாது என்பதால், ஓர் அறைக்கு மட்டும் ஏ.சி. வைத்துக்கொள்ளலாம்.

கட்டும் செலவு ஒரு முறை; மின் கட்டணம் மாதந்தோறும். கட்டணம் கட்டுவதற்காக அரங்கத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தால், நம் பிள்ளைகளின் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு இடம் இராது. எந்த வகுப்புக்காக இத்தனை நாள் நன்கொடை சேர்த்தோமோ, அதுவே தெருவில் நிற்கும். பொதுக்குழுவில் வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன் உறுப்பினர்கள் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.