நகரின் வரவு செலவும் நம் தட்டும்



2017 ஆகஸ்ட் 16 அன்று பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்திரா கேண்டீனில் காலை உணவு 5 ரூபாய். மதிய, இரவு உணவு 10 ரூபாய். பிழைக்க வந்த கூலித் தொழிலாளருக்கு அது பேருதவியாயிற்று. 2019-க்குப் பின் மாநில அரசின் நிதி குறைந்தபோது, செலவு மாநகராட்சியின் மேல் விழுந்தது. ஒப்பந்ததாரர்களுக்குப் பாக்கி சேர்ந்தது. சில கேண்டீன்கள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் மாமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்தது. ஐந்து ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடைபெறவில்லை.

நிதி குறையும்போது முதலில் இழப்பவர், கேட்க ஆளில்லாதவரே. நம்மில் பலருக்கு வாழ்வு இங்கே. வாக்கோ சொந்த ஊரில். வாக்கில்லாத தெருவின் குறையை யார் விசாரிப்பார்? ஆகவே, 8-ஆம் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, இப்போது குடியிருக்கும் முகவரிக்கு உங்கள் வாக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பின், உங்கள் வார்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று உரிமையோடு கேளுங்கள்.