மென்திரவியங்களில் விகாரமானி: அளக்கப்படுவது யாது?

அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருளின் நிலையை மாற்றாது என்பது அளவீட்டுத் துறையில் நாம் பெரும்பாலும் வெளிப்படக் கூறாமலே ஏற்றுக்கொள்ளும் எடுகோளாகும். உலோகங்களைப் பொறுத்தவரை இவ்வெடுகோள் பெரிதும் பொருந்தும். இறப்பர், சிலிக்கோன் முதலிய மென்திரவியங்களில் அது குலைந்துவிடுகின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பொருள் தனது மூல நீளத்தின் எத்தனை பங்கு நீள்கின்றது அல்லது சுருங்குகின்றது என்பதே விகாரம் எனப்படும். இழுக்கப்படும் உலோகக் கம்பியின் மின்தடை மாறுவதை, பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பெற்ற வில்லியம் தொம்சன் 1856இல் எடுத்துக்காட்டினார். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, பொருளின் மீது ஒட்டப்படும் விகாரமானியை 1938 அளவில் ஐக்கிய அமெரிக்காவில் எட்வேட் சிமன்சும் ஆதர் றூஜும் தனித்தனியே ஆக்கினர். விமானம், பாலம் முதலிய விறைத்த அமைப்புக்களின் தேவைகளை ஒட்டியே அக்கருவி வளர்ச்சியடைந்தது. அவ்வளர்ச்சிச் சூழலே அதன் எல்லையையும் வகுத்தது எனலாம்.

இவ்வெல்லையை எண்களாற் காண்போம். 5 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள கொன்ஸ்தாந்தன் உலோகப் படலத்தின் யங்கின் மட்டு ஏறத்தாழ 160 கிகா பஸ்கால். உருக்கினது 200 கிகா பஸ்கால். மென்மையான சிலிக்கோன் இறப்பரினதோ 1 மெகா பஸ்கால் அளவினதே. மட்டையும் தடிப்பையும் பெருக்கினால் ஓரலகு அகலத்துக்குரிய இழுவிறைப்புப் பெறப்படும். 1 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டில் இப்படலம் சேர்க்கும் விறைப்பு நூற்றுக்கு அரைப் பங்கினும் குறைவானது. அதே தடிப்புள்ள இறப்பரிலோ, படலத்தின் விறைப்பு இறப்பரினதைப் போல் 800 மடங்காகும். உலோகம் மெல்லிய இழைகளாக மடிந்து செல்வதால் இவ்விகிதம் ஓரளவு குறையும். எனினும் அதனைத் தாங்கும் 25 மைக்கிரோமீற்றர் பொலிஇமைட்டுப் படலம் ஒன்றே இறப்பரினதைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு விறைப்புடையது.

இதன் விளைவுகள் இரண்டு. மானி பதிந்துள்ள இடத்தில் இறப்பர் நீள்வது தடுக்கப்படுவதால் வாசிப்பு மிகக் குறைவாக அமையும். மானியின் விளிம்புகளிலோ விகாரம் செறிவடையும். பிரிவும் கிழிவும் அங்கேயே தொடங்கக்கூடும். எனவே, பாதுகாப்பானது என்று வாசிப்புக் காட்டும் பொருள் கிழியும் நிலையில் இருத்தல் கூடும். மானி தனது விகாரத்தைச் செம்மையாகவே காட்டுகின்றது. அதனை இறப்பரின் விகாரமெனக் கொள்வது நமது தவறாகும்.

திருத்தக் காரணியாற் பெருக்கிவிடுதல் போதாது. தடிப்பு, வெப்பநிலை, சுமையேற்றும் வேகம் ஆகியன மாறின் காரணியும் மாறும். கருவியையும் மென்மையாக்குவதே அடிப்படைத் தீர்வாகும். 1953இல் விற்னி, இரசம் நிரப்பிய இறப்பர்க் குழாயை மனித அவயவத்தைச் சுற்றி வைத்து அதன் பருமன் மாற்றத்தை அளந்தார். திரவம் நீட்சியை எதிர்ப்பதில்லை. இரசம் நச்சுத்தன்மையுடையதாகலின், இன்று கலியம்-இந்தியக் கலப்புலோகம் சிலிக்கோனின் நுண்கால்வாய்களில் நிரப்பப்படுகின்றது.

எந்த மானியாயினும் ஒரு சோதனை இன்றியமையாதது. மானி பதித்த துண்டிலும் பதிக்காத துண்டிலும் ஒரே இடத்திற் புள்ளிகளிட்டு, ஒரே சுமையில் அவற்றின் இடைத்தூரங்களை ஒப்பிடுதல் வேண்டும். அவை வேறுபடுமாயின், நாம் அளந்தது அத்திரவியத்தின் இயல்பான விகாரத்தையன்று. கருவியும் திரவியமும் சேர்ந்தமைந்த புதியதொரு பொருளின் விகாரத்தையே ஆகும்.