“குடிச்சிருக்கான்” என்று எழுதிவிட்டால்...

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து சூளகிரிப் பக்கம் வீடு திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், தேசிய நெடுஞ்சாலை 44-இல் வண்டியோடு விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து உட்காருகிறார். வாந்தி எடுக்கிறார். நாக்கு குழறுகிறது. சுற்றி நிற்பவர்கள் சட்டென்று சொல்வது, “குடிச்சிருக்கான்.” காலனிக்காரர் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சொல் இன்னும் சீக்கிரம் வருகிறது.

வாந்தியும் குழறலும் மூளையில் அடிபட்டதற்கும் அடையாளங்கள். ஆனால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், ‘மதுவாடை’ என்று ஒரு சொல் ஏறிவிட்டால், பிற்பாடு காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான். குடிக்காதவரென்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி அங்கேயே கேட்க வேண்டும்.

மூளைக் காயம் ஒரே மாதிரி இருப்பதில்லை. லேசான அதிர்ச்சியென்றால் தலைவலி, மறதி, தூக்கக் குழப்பத்தோடு பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசிவது வேறு. அதில் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டே இருந்துவிட்டுச் சில மணி நேரத்தில் சரிந்துவிடுவார். “நல்லாத்தானே இருந்தான்” என்று ஊரில் சொல்லி அழுத சாவுகளில் இதுவும் உண்டு. முதியவர்களுக்கும், நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துக் கை கால் இழுக்கலாம். மூளை குலுங்கி உள்ளே நரம்பிழைகள் அறுந்திருந்தால், முதல் நாள் சி.டி. ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாலும், மயக்கமோ வாந்தியோ தொடர்ந்தால் திரும்பப் போவதே சரி.

தலையில் கீறலே இல்லாத மூளைக் காயமும் உண்டு. நம் மக்கள் அதை அதிகம் அறிவார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்டவர் விஷவாயுவில் மயங்கினால், சில நிமிடங்கள் ஆக்ஸிஜன் இல்லாமலேயே மூளைச் செல்கள் அழிகின்றன. உயிர் பிழைத்தவர் பிள்ளையின் பெயரை மறந்து உட்கார்ந்திருப்பார். செத்தவர்களைக் கணக்கெடுக்கும் அரசு, இப்படிப் பிழைத்தவர்களைக் கணக்கில் கொண்டுவருவது அபூர்வம். 2023 அக்டோபர் 20-இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் என்று சொன்ன அதே தீர்ப்பில், பிழைக்க வழியில்லாமல் ஆக்கும் நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது, மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. இந்தப் பாதியை மேஸ்திரியும் சொல்ல மாட்டார், இறக்கிய வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார்.

சாலை விபத்துக்கு வருவோம். நம்மவருக்குச் சம்பளச் சீட்டு இருப்பதில்லை. கையில் வாங்கிய கூலிக்குக் கணக்கு எங்கே என்று கேட்பார்கள். 2007-இல் டிராக்டரில் பெற்றோரோடு போன 12 வயதுச் சிறுமி, லாரி மோதி, கைக்குழந்தை அளவுக்கு அறிவு சுருங்கிப்போனாள். தீர்ப்பாயம் தந்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் அதை 25 லட்சத்துக்கு மேல் ஆக்கியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. சம்பாதிக்காத குழந்தைக்கும், திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக எடுத்தது. வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு என்று மட்டும் 21.60 லட்சம். சீட்டு இல்லாதவர் கூலி இல்லாதவர் ஆகிவிட மாட்டார். வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு, கூட வேலை செய்தவரின் சாட்சியம் எல்லாம் உதவும். ஊன விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், அந்த ஊனத்தால் பழைய வேலையைச் செய்ய முடியுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். மறதி, கோபம், கவனக் குறைவு வெளியே தெரியாதவை. நரம்பியல் உளவியல் பரிசோதனை எடுத்து வைத்தால்தான் அவை வழக்குக்குள் வரும்.

எல்லைப் பிரச்சினை தனி. விபத்து அத்திப்பள்ளியில் நடந்திருக்கும், அடிபட்டவரைக் கொண்டுபோனது பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு, வீடு தேன்கனிக்கோட்டையில். வழக்குக்காக ஆனேக்கல் அலைய வேண்டுமோ என்று பயந்தே பலர் வந்த தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். முதல் தகவல் அறிக்கை கன்னடத்தில் இருக்கும், தமிழாக்கம் செய்ய நாளாகும் என்பதால் நகலை உடனே வாங்குங்கள். 2022 ஏப்ரல் முதல் மனுவுக்கு ஆறு மாத வரம்பு இருக்கிறது. தாண்டிவிட்டால் போயிற்று என்று விட்டுவிடாமல் வக்கீலிடம் கேளுங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை. எல்லைக்கு அப்பாலும் இது பொருந்தும்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடந்த விபத்து, வேலையோடு தொடர்புள்ளதாக இருந்தால் பணிக்கால விபத்தாகவே கொள்ளப்படும். ஒப்பந்ததாரர் பணம் கட்டவில்லை என்றால் ஆலை கைகழுவ முடியாது, சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கும் உண்டு.

வக்கீல் செலவை நினைத்து நின்றுவிடுகிறோம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி தரச் சொல்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி 15100. போகும்போது ஏ.ஆர். நகல், முதல் தகவல் அறிக்கை, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், சாதிச் சான்றிதழ் ஐந்தையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.