பத்துப் பிள்ளைகள் இருந்தால் தமிழ் வகுப்பு

அந்தமான் அரசுப் பள்ளிகளில் இடம் கிடைப்பது சிரமமில்லை. எந்த மொழியில் படிப்பது என்பதில்தான் பெற்றோர் திணறுகிறார்கள்.

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். ராமநாதபுரத்திலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்து போர்ட் பிளேரில் இறங்கும் குடும்பத்துக்கு முதல் கவலை வாடகை வீடு. அடுத்தது பிள்ளைகளின் படிப்பு. கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்காது. பல சமயம் பிறப்புச் சான்றிதழும் இருக்காது. பள்ளி ஆண்டு பாதி ஓடியிருக்கும். ஆனாலும் அரசுப் பள்ளி அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ இடம் மறுக்கக் கூடாது. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓரிரு வருடம் படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் உட்காரவைத்து, தனிப் பயிற்சி கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். இத்தனை விதிகள் இருப்பது புதிதாக வந்தவருக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம். பள்ளி வாசலில் யாராவது தயங்கிப் பேசினால் அதையே முடிவான பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்.

சேர்ந்த பிறகு கிடைக்கும் உதவிகளும் குறைவில்லை. எட்டாம் வகுப்பு வரை பாடப் புத்தகம் இலவசம். 2021-இல் 'பி.எம். போஷண்' என்று பெயர் மாறிய மதிய உணவும் எட்டாம் வகுப்பு வரை உண்டு. சமக்ர சிக்ஷா திட்டத்தில் பெண் குழந்தைகள் எல்லோருக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள பையன்களுக்கும் இரண்டு செட் சீருடை. சட்டசபை இல்லாத யூனியன் பிரதேசம் என்பதால் இந்தத் திட்டத்தின் முழுச் செலவும் மத்திய அரசுடையது.

பிரச்சினை தொடங்குவது மொழியில். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். கடைத்தெருவில் எல்லோருக்கும் பொதுவான மொழி இந்தி. அரசுப் பள்ளிகளில் இந்தி, ஆங்கிலத்துடன் வங்காளி, தமிழ், தெலுங்கு வழி வகுப்புகளும் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு வெளியே இப்படி ஒரு வசதி எளிதில் அமைவதில்லை.

இது யாரும் தயவு செய்து கொடுத்ததல்ல. 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. அதற்கும் முன்பே, 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்கு வகுத்தார்கள். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் அல்லது பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அவர்களின் மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் அளவுகோல் இதுதான்.

அந்தமான் தமிழர்களின் தர்மசங்கடம் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. கல்லூரி என்று வந்தால் ஆங்கிலம். 1967-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரியானாலும், 2015-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய மருத்துவக் கல்லூரியானாலும் அதுவே நிலை. எனவே கொஞ்சம் வசதி வந்ததும் பெற்றோர் பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி நான்கு குடும்பம் நகர்ந்தால் பன்னிரண்டு எட்டாகிறது. பத்துக்குக் கீழே போன வகுப்புக்கு ஆசிரியர் பணியிடத்தைக் கேட்டுப் பெறுவது கடினம். நஷ்டப்படுவது மாறிப்போனவர்கள் அல்ல. நேற்றுக் கப்பலில் வந்த, இந்தியும் ஆங்கிலமும் அறியாத இரண்டாம் வகுப்புப் பிள்ளைதான்.

எல்லோரும் தாமாகத் தேடி வந்தவர்களும் இல்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினரை ரப்பர் தோட்ட வேலைக்காகக் கச்சால் தீவில் குடியமர்த்தியது அரசாங்கமே. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் நிக்கோபார் தீவு அது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தத் தீவுகளிலேயே மிக மோசமாக அடிபட்ட இடமும் அதுதான். தேயிலையிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து நிவாரணக் கொட்டகைக்கும் மாறிய குடும்பங்களில் பள்ளியில் கேட்கும் பழைய காகிதத்தை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்?

காகிதம் என்றதும் இன்னொன்று. அந்தமான் நிக்கோபாருக்குப் பட்டியல் சாதிகளின் பட்டியலே கிடையாது. மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பத்தியில் பூஜ்யம்தான் வரும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆக, முதுகுளத்தூரில் உதவித்தொகைக்கு உரிய பிள்ளை, போர்ட் பிளேரில் வெறும் 'வெளியூர்ப் பிள்ளை'. சொந்த மாநிலத்துச் சாதிச் சான்றிதழைத் தொலைக்காமல் வைத்திருந்தால், பின்னாளில் மத்திய அரசின் அகில இந்தியச் சேர்க்கைகளுக்காவது உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இங்குள்ள தமிழ்ப் பிள்ளை தாயகத்துப் பிள்ளையைவிட அதிர்ஷ்டசாலி. தமிழ்நாட்டில் இல்லாத நவோதயா பள்ளி இங்கே இருக்கிறது - மத்திய அந்தமானின் பஞ்சவடியில் ஒன்று, கார் நிக்கோபாரில் ஒன்று. ஆறாம் வகுப்பில் தேர்வு எழுதி நுழைந்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். நான்கில் மூன்று பங்கு இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. நிபந்தனை ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பை அதே மாவட்டத்தில் படித்திருக்க வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடம் ஊரில் விட்டுவிட்டு ஐந்து முடிந்ததும் அழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

ஆங்கில வழியா தமிழா என்பதை ஒரே வெட்டாக முடிவு செய்ய வேண்டியதும் இல்லை. இங்குள்ள பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. அந்த வாரியத்தில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தமிழ் ஒரு மொழிப் பாடமாக நெடுங்காலமாகவே உண்டு. ஆங்கில வழியில் படித்துக்கொண்டே தமிழை ஒரு பாடமாக வைத்துக்கொள்ளலாம் - அந்தப் பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருந்தால். சேர்க்கையின்போது கேட்க வேண்டிய கேள்வி இது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு இதே தீவில் இதே மொழியில் தொடர முடியுமா என்பது இன்னொரு கேள்வி. முடியாதென்றால் பிள்ளையைப் பதினான்கு வயதில் கப்பலேற்றி வேறு தீவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மருத்துவ நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பு 2017 முதல் இருக்கிறது. ஆனால் வட்டார மொழி வினாத்தாள் எல்லா மையங்களிலும் தரப்படுவதில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் பார்த்துவிடுவது உத்தமம்.

பத்துப் பேர் கணக்குக்கும் ஒரு வழி இருக்கிறது. மொழிச் சிறுபான்மையினருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பாதுகாப்புகளில் அதிகம் பேர் அறியாத இரண்டு அம்சங்கள் உண்டு. தாய்மொழி வழிக் கல்வி கேட்கும் பெற்றோரின் பெயர்களைப் பள்ளி திறக்கும் முன்பே ஒரு பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பள்ளியில் ஆள் குறைந்தால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. ஹாடோவில் ஆறு பேர், டெலனிப்பூரில் நான்கு பேர் என்றாலும் கணக்கு பத்துதான். பதிவேடு எங்கே என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். கிடைக்காவிட்டால் பெற்றோர் கையெழுத்திட்ட மனுவைக் கல்வி இயக்குநரகத்துக்கும், நகலை மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கும் அனுப்பலாம். ஏப்ரலில் பள்ளி திறக்கிறது என்றால் மனு ஜனவரியிலேயே போய்ச் சேர வேண்டும்.